டூரிஸ்ட் விசாவில் வந்தவரை கரம்பிடிக்க ஆசையா? தாலி கட்டினால் மட்டும் போதாது. நாள் கணக்கு தப்பினால் சிக்கல்!

சென்னை,

மாமல்லபுரத்துக்கு சிற்பம் பார்க்க வந்தவர், திருவண்ணாமலைக்கு கிரிவலம் சுற்ற வந்தவர், புதுச்சேரிக்கு யோகா கற்றுக்கொள்ள வந்தவர்... இப்படி சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் மனசைப் பறிகொடுத்து, நம்ம ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொள்ளும் வெளிநாட்டினர் உண்டு. பேஸ்புக்கில் பேசிப் பழகி, விமானம் ஏறி வந்து கழுத்தை நீட்டுபவர்களும் உண்டு.

காதலுக்கு கண் இல்லை. ஆனால் விசாவுக்கு தேதி உண்டு. கல்யாணம் முடிவதற்குள் அந்த தேதி முடிந்துபோனால் மாலையும் கழுத்துமாக ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டியதுதான். சட்டப்படி எப்படி தங்குவது, எப்போது பதிவு செய்வது, எங்கே விண்ணப்பிப்பது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

“தாலி கட்டியாச்சு, இனிமே யாரு கேக்கப்போறா?”

பல குடும்பங்களில் இப்படித்தான் நினைக்கிறார்கள். குலதெய்வம் கோவிலில் வைத்து தாலி கட்டியாகிவிட்டது, ஊருக்கே சாப்பாடு போட்டாகிவிட்டது, இனிமேல் மருமகள் நம்ம வீட்டுப் பெண்தானே என்பது அவர்கள் கணக்கு.

வீட்டுக்கு அவள் மருமகள்தான். ஆனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர் இன்னமும் டூரிஸ்ட். கல்யாணம் ஆனதாலேயே விசா ஒரு நாள்கூட நீளாது. கல்யாணத்தை சட்டப்படி பதிவு செய்து, அந்த சான்றிதழை வைத்து விசாவை மாற்றிக்கொள்ள தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் கையில் இருக்கும் விசா உயிரோடு இருக்கும்போதே!

அமெரிக்காவில் இதற்கென்றே ‘கே-1’ என்று ஒரு விசா இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனை மணக்கப் போகிறவர் அதில் உள்ளே போய் 90 நாட்களுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். நம்ம நாட்டில் காதலன், காதலிக்கு என்று அப்படி ஒரு தனி விசா கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் டூரிஸ்ட் விசாவில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

30-க்கு 30 ஒத்துவராது

வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள இருப்பது 1954-ம் ஆண்டு சிறப்பு திருமணச் சட்டம். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். வெளிநாட்டவர் ஒருவர் சம்பந்தப்பட்ட கல்யாணங்களில் இந்த சட்டம்தான் அதிகம் கைகொடுக்கும்.

இந்த சட்டப்படி நினைத்த உடனே போய் கையெழுத்து போட்டுவிட முடியாது. முதலில் திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும. அந்த நோட்டீசை ஆபீசில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் அதன் பிறகுதான் கல்யாணம்.

இங்கேதான் வில்லங்கம். சுற்றுலாவுக்கு வருகிற பலர் எடுப்பது 30 நாள் இ-விசா. விசா 30 நாள், நோட்டீசும் 30 நாள். சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு உதாரணம். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் வேலை பார்க்கும் வாலிபரைக் கரம்பிடிக்க ஜெர்மனியில் இருந்து ஒரு பெண் ஜனவரி 5-ந்தேதி சென்னை வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் விசா பிப்ரவரி 3-ந்தேதியோடு சரி. வந்த களைப்பு தீர்ந்து, பேப்பர்களை எல்லாம் சேர்த்து ஜனவரி 9-ந்தேதி நோட்டீஸ் கொடுக்கிறார்கள். 30 நாள் முடிவது பிப்ரவரி 8. கல்யாணம் பிப்ரவரி 9-ந்தேதிதான் நடக்கும். ஆனால் பெண்ணின் விசா அதற்கு 6 நாள் முன்னாடியே முடிந்துபோயிருக்கும்!

வந்து இறங்கிய அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்தால்கூட 30 நாள் விசாவில் இது நடக்காத காரியம். எனவே கல்யாண எண்ணத்தோடு வருகிறவர் நீண்ட நாள் தங்க அனுமதிக்கும் விசாவில் வருவதே நல்லது. ஒரு வருஷம், 5 வருஷம் என்று டூரிஸ்ட் விசாக்கள் உண்டு. ஆனால் “5 வருஷ விசா இருக்கு, 5 வருஷமும் இங்கேயே இருக்கலாம்” என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு தடவை வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்று தனி வரம்பு இருக்கிறது. அது நாட்டுக்கு நாடு மாறும். விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாக படித்துப் பார்த்துவிட வேண்டும்.

நோட்டீசுக்கும் ஆயுசு உண்டு

இன்னொரு விஷயம். நோட்டீஸ் கொடுத்த நாளில் இருந்து 3 மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். தவறினால் அந்த நோட்டீஸ் செல்லாது. மறுபடி முதலில் இருந்து 30 நாள்.

மேலே சொன்ன ஜெர்மனி பெண், நோட்டீஸ் கொடுத்துவிட்டு விசா முடிவதற்குள் ஊருக்குப் போய்விட்டு, புது விசா எடுத்து ஏப்ரல் 9-ந்தேதிக்குள் திரும்பி வந்தால் அதே நோட்டீசில் கல்யாணத்தை முடித்துக்கொள்ளலாம். விமான டிக்கெட் செலவு இரண்டு மடங்குதான். ஆனால் சட்டத்தை மீறிய கறை இருக்காது.

30 நாள் யார் தங்கியிருக்கணும்?

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பும் ஒரு 30 நாள் கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்து பலர் பயந்துவிடுகிறார்கள். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் அதற்கு முந்தைய 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஒருவர் போதும்! மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் என்றால் அவரது ரேஷன் கார்டோ, ஆதாரோ அதற்கு ஆதாரமாக இருக்கும். வெளிநாட்டுப் பெண் அதற்காக ஒரு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் முதலில் கோவிலிலோ வீட்டிலோ கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகு அதை இதே சிறப்பு திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம் என்று நினைத்தால் கணக்கு மாறுகிறது. அந்த வழியில் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பம், அதற்கு மேல் இன்னொரு 30 நாள் நோட்டீஸ். ஆக 60 நாள்! குறுக்கு வழி என்று போனால் சுற்று வழியாகிவிடும்.

இந்து திருமணச் சட்டத்தில் பதியலாமே?

பதியலாம், ஆனால் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல காலமாக நடக்கும் சுயமரியாதை திருமணத்துக்கும் இதே நிபந்தனைதான். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர் என்ற நிலையில் இந்து முறைப்படி நடந்த கல்யாணம் அந்த சட்டப்படி செல்லாது என்று 2008-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு கூறியிருக்கிறது. அது ஆந்திராவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கு.

அதனால் மணப்பெண் பட்டுப்புடவை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, அக்னியைச் சுற்றி வந்தது மட்டுமே போதாது. ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872-ம் ஆண்டு கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி சர்ச்சில் கல்யாணம் செய்ய வழி இருக்கிறது. இல்லையென்றால் சிறப்பு திருமணச் சட்டம். ஊர் கூடி நடத்தும் சடங்கை அதற்கு முன்போ பின்போ ஆசை தீர நடத்திக்கொள்ளலாம். அதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கையில் என்ன பேப்பர் இருக்கணும்?

வெளிநாட்டவரின் பாஸ்போர்ட், விசா, இந்தியாவில் இறங்கியபோது போட்ட முத்திரை, பிறந்த தேதி சான்று, தங்கியிருக்கும் முகவரிக்கான ஆதாரம், போட்டோ ஆகியவை அடிப்படை. கல்யாணத்தன்று 3 சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ‘சிங்கிள் ஸ்டேட்டஸ்’ சான்று. அதாவது இவருக்கு ஏற்கனவே கணவனோ மனைவியோ இல்லை என்பதற்கு அவரது நாடு தரும் அத்தாட்சி. இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். சில நாடுகளில் சொந்த ஊர் நகராட்சியில் வாங்க வேண்டும். சில நாடுகளுக்கு இங்குள்ள துணைத் தூதரகத்தில் வாங்க வேண்டும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் தூதரக அதிகாரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம்தான் கொடுப்பார்கள்.

விவாகரத்து ஆனவர் என்றால் கோர்ட்டு தீர்ப்பு நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். அந்த நாட்டு அரசின் ‘அப்போஸ்டில்’ முத்திரையும் கேட்பார்கள். இதை எல்லாம் இங்கே வந்து இறங்கிய பிறகு தேட ஆரம்பித்தால் விசா நாட்கள் தண்ணீராய் கரைந்துவிடும். விமானம் ஏறும் முன்பே வாங்கி பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

வயதையும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் ஆணுக்கு 18 வயது ஆனால் போதும். இங்கே ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. “எங்க ஊர்ல நான் மேஜர்” என்று 19 வயது வெளிநாட்டுப் பையன் சொன்னாலும் திருமணப் பதிவு அலுவலர் கையை விரித்துவிடுவார்.

புதுச்சேரியில் தனிக்கதை

புதுச்சேரிக்காரர்களுக்கு ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ என்பது புதுசு இல்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொள்ள வாய்ப்பு தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட தமிழ் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் பிரெஞ்சு குடிமக்கள். பெயரும் பேச்சும் தமிழ், பாஸ்போர்ட் மட்டும் பிரான்ஸ்.

இவர்கள் இந்தியரை மணக்கும்போது முதலில் பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் ‘திருமணத் தகுதிச் சான்று’ வாங்க வேண்டும். பிரெஞ்சு சட்டப்படி 10 நாள் அறிவிப்பு ஒட்டிய பிறகே அது கிடைக்கும். மாப்பிள்ளை, பெண் இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பதும் உண்டு. கல்யாணம் முடிந்ததும் அதை பிரெஞ்சு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பிற்பாடு பிரான்சுக்கு விசா கேட்கும்போது அலைச்சல்தான். லீவில் வந்து அவசரமாக முகூர்த்தம் குறிப்பவர்கள் இந்த நாட்களையும் சேர்த்தே கணக்கு போட வேண்டும்.

ஆட்சேபம் வந்தால்?

நோட்டீஸ் ஒட்டியதைப் பார்த்து சொந்தக்காரர்கள் யாராவது ஆபீசுக்கு ஓடி வந்து ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் எதைச் சொன்னாலும் எடுபடாது. ஏற்கனவே கல்யாணம் ஆகி துணை உயிரோடு இருப்பது, வயது குறைவு, சம்மதம் தரும் மனநிலை இல்லாதது, தடை செய்யப்பட்ட உறவுமுறை... இப்படி சட்டம் சொல்லும் காரணங்கள் மட்டுமே செல்லும். “வேற மதம், வேற நாடு, எங்களுக்கு இஷ்டமில்லை” என்பது காரணமே ஆகாது.

ஆட்சேபத்தை விசாரிக்க அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அவர் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டால் மாவட்ட கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். ஆக, ஒரு ஆட்சேபம் வந்தால் இன்னொரு மாதம் போய்விடும். இந்த அவகாசத்தையும் விசாவில் ஒதுக்கி வைத்திருந்தால் பதறத் தேவையில்லை.

வீடியோவில் நடந்த கல்யாணம்

இப்படித்தான் நாள் கணக்கு ஒரு ஜோடியை கோர்ட்டு வாசல் வரை கொண்டுவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பெண்ணுக்கும், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி வாலிபருக்கும் கல்யாணம் நிச்சயமானது. 2022-ம் ஆண்டு மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் சிறப்பு திருமணச் சட்டப்படி விண்ணப்பித்தார்கள். ஆட்சேபமும் வந்தது. 30 நாள் காத்திருந்து நேரில் போயும் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை அமெரிக்கா திரும்ப வேண்டிய நாள் வந்துவிட்டது.

பெண் மதுரை ஐகோர்ட்டு கிளையில் வழக்கு போட்டார். 3 சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலம் கல்யாணத்தை நடத்தி வைக்கும்படி 2022 ஜூலையில் நீதிபதி உத்தரவிட்டார். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து, அவருக்கும் சேர்த்து மணப்பெண்ணே கையெழுத்து போட அனுமதி தரப்பட்டது.

ஆனால் இது கோர்ட்டு படியேறி வாங்கிய உத்தரவு. “வீடியோவிலேயே முடிச்சிடலாம்” என்று இதை நம்பி யாரும் டிக்கெட் போடக்கூடாது.

சான்றிதழ் வாங்கிய கையோடு...

கல்யாணம் பதிவாகி சான்றிதழ் கைக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் அடுத்த வேலையில் இறங்க வேண்டும். டூரிஸ்ட் விசாவை பொதுவாக வேறு விசாவாக மாற்ற விட மாட்டார்கள். இதற்கு இருக்கும் சில விதிவிலக்குகளில் ஒன்றுதான் இந்தியரைக் கல்யாணம் செய்வது. இந்தியரின் கணவன் அல்லது மனைவிக்கு உரிய ‘எக்ஸ்-2’ விசாவாக மாற்றித்தரும்படி கேட்கலாம்.

இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் எப்.ஆர்.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம். சென்னையில் இது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன் வளாகத்தில் உள்ளது. 2018-ம் ஆண்டு முதல் இ-எப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி வந்துவிட்டது. கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

பதிவுத் திருமணச் சான்றிதழ், இருவரின் அடையாள ஆவணங்கள், வீட்டு முகவரி ஆதாரம், இந்தியத் துணை எழுதித்தரும் பொறுப்புக் கடிதம் ஆகியவற்றை சேர்க்க வேண்டும். நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறார்களா, கல்யாணம் விசாவுக்காக நடந்ததா என்று விசாரணையும் நடக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால் கோபப்படக்கூடாது. அது நடைமுறை.

“கல்யாணத்துக்கு நோட்டீஸ் போட்டிருக்கோம், அதுவரை விசாவை நீட்டிச்சுக் கொடுங்க” என்று கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஆனால் நோட்டீஸ் ரசீது இருப்பதாலேயே நீட்டிப்பு கிடைத்தாக வேண்டும் என்ற உரிமை வந்துவிடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தது, விமானம் ரத்தானது போன்ற அவசரங்களுக்குத்தான் டூரிஸ்ட் விசாவில் சில நாட்கள் சலுகை தருவது வழக்கம்.

நாள் போதவில்லை என்றால் சிக்கலே இல்லாத வழி இதுதான். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, விசா முடிவதற்குள் சொந்த நாட்டுக்குப் போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிதழைக் காட்டி ‘எக்ஸ்-2’ விசா வாங்கி, உரிமையோடு புகுந்த வீட்டுக்கு வருவது. கொஞ்ச நாள் பிரிவுதான். ஆனால் நிம்மதி.

மீறித் தங்கினால் ஜெயில்

வெளிநாட்டினருக்கான பழைய சட்டங்களை எடுத்துவிட்டு, 2025-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி முதல் அமலில் உள்ளது. இதன்படி விசா காலம் முடிந்தும் தங்குபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதோடு போகாது. நாட்டை விட்டு வெளியேறவே தனி அனுமதி வாங்க வேண்டும். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் மறுபடி இந்தியாவுக்குள் வருவது குதிரைக்கொம்பு. புதுப்பெண் ஒரு நாட்டில், புது மாப்பிள்ளை ஒரு நாட்டில் என்று பிரிந்து கிடக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டவரை தங்க வைக்கும் லாட்ஜ், விடுதி, வீட்டுக்காரர் ஆகியோருக்கும் பொறுப்பு உண்டு. வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். ‘சி பார்ம்’ என்று பல காலமாகச் சொல்லப்படுவது இதுதான். “நம்ம வீட்டு மருமகதானே” என்று மாமியார் வீட்டில் அலட்சியமாக விட்டுவிடக்கூடாது.

புரோக்கர்களிடம் உஷார்

“30 நாள் நோட்டீசை 3 நாளா குறைச்சுத் தர்றேன், தேதியை முன்கூட்டிப் போட்டுத் தர்றேன்” என்று யாராவது பணம் கேட்டால் நம்பக்கூடாது. 30 நாளைக் குறைக்க திருமணப் பதிவு அலுவலருக்கே அதிகாரம் கிடையாது. தேதி மாற்றிய சான்றிதழ், பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரையோடு ஒத்துப்பார்த்தால் அங்கேயே பல் இளித்துவிடும். அப்புறம் விசாவும் போகும், மோசடி வழக்கும் வரும்.

2 வருஷம் பொறுத்தால் ஓ.சி.ஐ.

பதிவான கல்யாணம் தொடர்ந்து 2 ஆண்டுகள் நிலைத்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் அடிக்கடி விசாவுக்காக ஓட வேண்டாம். ஆனால் விவாகரத்து ஆனால் அட்டை போய்விடும். இந்தியக் குடியுரிமையே வேண்டும் என்றால் இந்தியரை மணந்தவர் 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும்.

இந்த 2 வருஷமும் பதிவு செய்த கல்யாணத்துக்குத்தான். தாலி ஏறியும் பதிவு செய்யாமல் இருந்தால் ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க வழியில்லை.

ஆக, முகூர்த்த நாள் பார்க்க ஜோசியரிடம் போகும் முன்பு பெண்ணின் பாஸ்போர்ட்டை வாங்கி விசா முடியும் தேதியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நோட்டீசுக்கு 30 நாள், ஆட்சேபம் வந்தால் இன்னொரு 30 நாள், அதற்கு மேல் விசா மாற்ற விண்ணப்பிக்க சில நாட்கள். இவ்வளவும் அந்த தேதிக்குள் அடங்கினால் தைரியமாக பத்திரிகை அடிக்கலாம். அடங்காவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது கல்யாணத் தேதியைத்தான்.